நடுப்பிள்ளை அம்மாவுக்கு

எங்கள் தலைவர் வீட்டு விருந்தில் பாணன் யாழை மடியில் போட்டுக்கொண்டு வம்ச வரிசை பாட ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் மகன் அவர், அவர் மகன் இன்னொருவர் என்று ஆண்களே ஆண்களைப் பெற்றுப் போட்ட மாதிரி பாடிக்கொண்டே போவான். ஒரு தாயின் பெயர்கூட வராது. பழைய தலைவர் கடூகன் பெயர் வந்ததும் தேன்மது ஊற்றிய குடிகொம்புகள் எல்லாம் உயரும். கடூகனின் மனைவி கெனெரிசின் பெயர் அந்தக் கூடத்தில் எழாது. மாட்டுக்கொட்டிலிலும் துணி துவைக்கும் ஆற்றங்கரையிலும் எழும். எழும்போது கூடவே ஒரு சிரிப்பும் எழும். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புண்ணாகிவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாத நிலையில் இருக்கிறேன். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் பெர்விர். கெனெரிசுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் என் அம்மா. எனக்குச் சேர வேண்டிய பாலில் பாதியைக் குடித்தவள் என்று அவளைக் கேலி செய்வேன். ஆள் இல்லாதபோது அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அவள் கல்யாணம் நடந்த அழகைச் சொல்கிறேன். அவளுடைய அண்ணன்கள் ஒரு வசந்தத்தில் கடூகனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கடூகன் பதிலுக்கு வந்து அவர்களுடைய களஞ்சியத்தைக் கொளுத்தினான். இரண்டு பக்கமும் களைத்துப்போன பிறகு பாதிரியாரை நடுவில் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். மாடுகள் திரும்பிப் போயின, கூடவே கெனெரிசும், அவளுக்குத் துணையாக நானும் போனோம். மாடுகளையாவது கொம்பு, பல் எல்லாம் பார்த்து எண்ணினார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடூகன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் விருந்தில் அவன் பக்கத்தில் கண்ணில்லாத ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கடூகன் தன் கையாலேயே இறைச்சியைச் சின்னதாக வெட்டி, எலும்பை எடுத்துவிட்டு, அந்த ஆளின் தட்டில் வைத்தான். கெனெரிஸ் என் காதில், "எவ்ளோ நல்ல மனசு பாத்தியா?" என்றாள்.

மறுநாள் அடுப்படியில் விஷயம் தெரிந்தது. அந்த ஆள் கடூகனின் தம்பி எலிதிர். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் நிலம் எல்லா மகன்களுக்கும் சமபங்கு. அப்பா செத்த வருஷம் அண்ணனும் தம்பியும் பங்குக்காக மோதிக்கொண்டார்கள். பிடிபட்ட தம்பியின் கண்களில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைக்கச் சொன்னது கடூகன்தான். கொன்றால் பாவம். கண் போனவனுக்கோ நிலத்தில் பங்கு கிடையாது, அதனால் பிறகு சண்டையும் கிடையாது. அன்றிலிருந்து தம்பியைக் கூடவே வைத்து இறைச்சி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கெனெரிசுக்கு அதற்கப்புறம் அந்த மேசையில் ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

அவளுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். மூத்தவன் மெய்லிர், அடுத்தவன் கொரோன்வி. பிறகு தங்கியது ஒன்றும் இல்லை. இருந்த இரண்டையும் பால் மறந்ததும் வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை பெற்றவள் மடியில் வளர்ந்தால் கௌரவக் குறைச்சலாம். மெய்லிர் தெற்கே ஒரு நிலக்காரர் வீட்டில் வளர்ந்தான். கொரோன்வி ஆற்றுக்கு அப்பால் இன்னொருவர் வீட்டில் வளர்ந்தான். வளர்ப்பு அப்பன்கள் சும்மா வளர்ப்பார்களா? நாளைக்கு நம் பையன் தலைவன் ஆனால் நமக்கு என்ன கிடைக்கும் என்று இப்போதே கணக்குப் போட்டு, பையன் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு இரண்டு பையன்களையும் அழைத்து வந்திருந்தார்கள். முற்றத்தில் மரக்கத்தி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எலிதிர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவன் ஓங்கி அடிக்கிறான், சின்னவன் விடமாட்டேங்கிறான்" என்றார் அவர். "இல்லையா அண்ணி?"

"ஆமா. மூக்குல ரத்தம் வருது, அப்பவும் கத்தியக் கீழ போட மாட்டேங்கிறான்."

"நானும் அப்பிடித்தான் அண்ணி. போடுடான்னு அண்ணன் எத்தனையோ தரம் சொன்னான்."

கெனெரிஸ் ஓடிப்போய்க் கொரோன்வியின் மூக்கைத் துடைத்தாள். அவன் பின்வாங்கி, "ஒண்ணுமில்லை சீமாட்டி" என்றான். அம்மா என்று அவன் கூப்பிட்டது வளர்ப்புத் தாயைத்தான்.

அதன்பிறகு அவள் சரியாகத் தூங்கவே இல்லை. ஒரே எண்ணம். மெய்லிர் பெரியவன், பலசாலி, அவன் பிழைத்துக்கொள்வான். கொரோன்வி விட்டுக்கொடுக்க மாட்டான், அவன் கண்தான் போகும். பையனுக்குப் பதினாலு வயசு ஆனதும் அப்பன் முன்னால் நிறுத்தி ஆயுதம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாராலும் அவனைக் கொண்டுபோக முடியாது. அதற்கு முன்னால் அவன் தன் கைக்கு வந்தால், அவளுடைய மாமா நடத்தும் தேவாலயத்தில் தலை மழித்துத் துறவியாக்கிவிடலாம். தலை மழித்தவனுக்கு நிலத்தில் பங்கில்லை. பங்கில்லாதவன் கண்ணை எவனும் குத்தப்போவதில்லை.

"எப்பிடி உன் கைக்கு வருவான்?" என்று கேட்டேன்.

"சட்டம் இருக்குடி. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா புள்ளைங்கள்ல மூத்ததும் கடைசியும் அப்பனுக்கு. நடுப்புள்ள அம்மாவுக்கு."

"ஒனக்கு ரெண்டுதானே அக்கா. நடுவுக்கு எங்க போவே?"

"மூணாவது ஒண்ணு வேணும்."

"இந்த வயசுலயா!"

"எனக்கு இல்லடி கழுதை. லெய்கிக்குப் பொறந்திருக்கே."

லெய்கி என்பவள் மேய்ச்சல்காரர் மகள். கோடையில் மலைமேல் மாடுகளோடு இருப்பாள். கடூகன் அந்தப் பக்கம் வேட்டைக்குப் போவது மான் இல்லாத மாதங்களிலும் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மாபோன் என்று ஒரு பையன், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். அப்பன் யார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் சட்டத்தில் கல்யாணத்தில் பிறந்தவன், வெளியில் பிறந்தவன் என்ற பேதம் கிடையாது. தாய் தேவாலயத்தில் சத்தியம் செய்து, அப்பன் ஒத்துக்கொண்டால் மகன் மகன்தான், பங்கும் உண்டு. பாதிரிமார்கள் இதற்குத் தலையில் அடித்துக்கொள்வார்கள், யார் கேட்டார்கள்? மாபோனை ஒத்துக்கொண்டால் கடூகனுக்கு மூன்று மகன்கள். கொரோன்வி நடுப்பிள்ளை. அப்புறம் கெனெரிஸ் கடூகனைப் பிரிந்தால் அவன் அவளுக்கு. நியாயக்காரரிடம் கெனெரிஸ் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். எந்த வயிறு என்று சட்டம் கேட்பதில்லை, அப்பன் கணக்குத்தான் கணக்கு என்று அவர் சொல்லிவிட்டார்.

கடூகனிடம் பேச்சை எடுத்ததும் அவன் வாயிலிருந்த தேன்மது புரையேறிவிட்டது.

"மத்தவங்க பொண்டாட்டிங்க இது தெரிஞ்சா உலக்கைய எடுப்பாளுங்க. நீ என்னடான்னா அந்தப் புள்ளைக்குப் பேரு குடுங்குற. என்ன சதி இது?"

"சதி ஒண்ணும் இல்ல. உங்க ரத்தம் மலையில கிழிஞ்ச துணி கட்டிட்டு அலையுது. எனக்குத்தான் கேவலம்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அவ வந்து சத்தியம் பண்ணட்டும், ஒத்துக்கறேன்" என்றான். அவனுக்கு அந்தக் குழந்தைமேல் ஆசை இருந்தது, அதுதான் உண்மை.

மறுநாளே நாங்கள் மலைக்குப் போனோம். லெய்கி வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மகராசி. அடிக்க வந்தீங்களா? கைவேலைய முடிச்சுக்கறேன், அப்புறம் அடிங்க."

கெனெரிஸ் ஈரத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். கடூகன் வீட்டுச் சீமாட்டி மேய்ச்சல்காரி முன்னால் தரையில் உட்கார்ந்து கெஞ்சினாள். உன் மகனுக்குப் பேர் கிடைக்கும், நிலம் கிடைக்கும், நல்ல வீட்டில் வளர்வான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

லெய்கி கடைவதை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, "எலிதிர் ஐயாவுக்கும் நெலம் இருந்துச்சே மகராசி" என்றாள்.

கெனெரிசுக்கு முகம் செத்துப்போயிற்று.

"எம்புள்ளைக்குப் பேரு வந்தா கூடவே ரெண்டு அண்ணனுங்களும் வருவாங்க. உங்க புள்ளைங்க. அவங்களுக்கு வளப்பு அப்பனுங்க, ஆளு, குதிரை எல்லாம் உண்டு. எம்புள்ளைக்கு நான்தான் உண்டு. மொதல்ல எவன் கண்ணு போவும், நீங்களே சொல்லுங்க. பேரு இல்லாம ஆடு மேய்க்கட்டும். ரெண்டு கண்ணோட மேய்க்கட்டும்."

மாபோன் கெனெரிசின் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு எழுந்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கீழே இறங்கியதும் குதிரையை லெய்கியின் அப்பா வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, வேண்டாம்" என்றேன்.

"சும்மா வா."

"அவ என்ன தப்பாச் சொன்னா? அவ புள்ளயக் கொண்டுபோய் எரியிற எடத்துல நிறுத்தப் பாக்குற."

"எம்புள்ளயா அவ புள்ளயான்னு வந்தா நான் என்னடி பண்ணணும்? சொல்லு. ஒரு வழி சொல்லு, இப்பவே திரும்பிடறேன்."

அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தோடேயே அவள் பின்னால் போனேன். லெய்கியின் அப்பா நிலம் என்ற சொல்லைக் கேட்டதுமே தொப்பியைக் கழற்றிவிட்டார். மகளை நான் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

எங்கள் தேவாலயத் திருவிழா அன்று சத்தியம் என்று முடிவாயிற்று. பள்ளத்தாக்கே திரண்டு வந்திருந்தது. வளர்ப்பு அப்பன்களோடு மெய்லிரும் கொரோன்வியும்கூட வந்திருந்தார்கள். லெய்கியை அவள் அப்பா முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் கன்னம் வீங்கியிருந்தது. வழக்கப்படி வலதுகையைப் பலிபீடத்தின்மேலும் இடதுகையைக் குழந்தையின் தலைமேலும் வைத்தாள்.

"அப்பன் யார்?" என்று பாதிரியார் கேட்டார்.

"பாத்திரத்து ஓட்டை அடைக்க வந்த ஒருத்தன் சாமி. கடல் தாண்டி வந்தவன். பேரு கேக்கல."

சிரித்தார்கள் பாருங்கள்! கூரை பெயர்ந்து விழும்படி சிரித்தார்கள். கடூகன் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, கடைசியில் அவனும் வேறு வழியில்லாமல் சிரித்தான். லெய்கியின் அப்பா அவள் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை. பலிபீடத்தில் ஒரு முறை சொன்னதைத் தாய் மாற்ற முடியாது என்று பாதிரியார் அறிவித்தார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

வெளியே போகும்போது லெய்கி கெனெரிசின் அருகில் நின்றாள். "நாளையிலேருந்து ஆத்தங்கரையில என்னை என்ன சொல்லுவாங்கன்னு தெரியும் மகராசி. சொல்லிட்டுப் போட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கெனெரிசால் அங்கே நிற்க முடியவில்லை. விருந்து ஆரம்பிக்கும் முன்பே கிளம்பிவிட்டோம். ஆற்றுத் துறைவரைக்கும் அவள் குதிரையை விரட்டிக்கொண்டே வந்தாள். எல்லாம் போயிற்று. அறுவடைக்குள் கொரோன்விக்குப் பதினாலு ஆகிவிடும். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் தண்ணீரின் நடுவில் குதிரையை நிறுத்தினாள்.

"எனக்கு ஏன்டி இது தோணல?"

"எது?"

"அவ புள்ளயக் கொண்டா, அவ பேரைக் கொண்டான்னு நின்னேனே. எங்கிட்டயும் ஒரு பேரு இருந்துச்சே."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அவள் குதிரையைத் திருப்பினாள். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பைத்தியமா உனக்கு? கொரோன்விக்கு அப்பிடியே கடூகன் மூக்கு!"

"மூக்கக் கூப்பிட்டா சத்தியம் வாங்குறாங்க? விடு."

"அவன் ஒன்னை மன்னிக்கவே மாட்டான் அக்கா."

"விடுடி."

விட்டேன். பிடித்திருந்தால் கையை வெட்டியிருப்பாள்.

தேவாலய முற்றத்தில் தேன்மது ஓடிக்கொண்டிருந்தது. கெனெரிஸ் நேராகக் கொரோன்வியிடம் போய், "கொஞ்சம் உள்ள வா கண்ணு" என்றாள். ஆசீர்வாதம் வாங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அவன் தலையைக் கோதிவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஜனமும் வேடிக்கை பார்க்க வந்தது. அவள் வலதுகையைப் பலிபீடத்தின்மேல் வைத்தாள், இடதுகையை அவன் தலையில் வைத்தாள். அவன் பணிவாகக் குனிந்துகூட நின்றான். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"இவன் கடூகனுக்குப் பொறந்தவன் இல்ல" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கொரோன்வி அவள் கைக்கு அடியிலிருந்து தலையை உருவிக்கொண்டான்.

நியாயக்காரர் தொண்டையைச் செருமினார். கடூகன் இந்தப் பையனைக் கையில் வாங்கி, வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பி, மகன் என்று ஏற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஏற்ற பிள்ளையை இனி யாரும் மறுக்க முடியாது, ஆகவே இந்தச் சத்தியம் செல்லாது என்றார். செல்லாதாம்! ஒரு பெண்பிள்ளை தன் மானத்தைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்திருக்கிறாள், அது செல்லாதாம். ஆனால் அவளை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு மட்டும் அதே சத்தியம் செல்லுபடியாயிற்று. மனைவியே ஒப்புக்கொண்ட குற்றமாம், அதனால் பிரிகிற மனைவிக்குச் சேரவேண்டிய பாதிச் சொத்தும் கிடையாது, பால் பாத்திரம்கூடக் கிடையாது. கடூகன் அவளை ஏறிட்டுப் பார்க்காமலே அனுப்பினான். அண்ணன்கள் கதவைத் திறக்கவில்லை. மலையடியில், மாமாவின் தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மண்குடிசையில் போய் ஒதுங்கினோம். நான் ஏன் கூடப் போனேன் என்று என்னையே பலமுறை திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே இருவருக்கும் ரொட்டி சுட்டேன்.

கொரோன்விக்குப் பதினாலு ஆயிற்று, ஆயுதம் கொடுத்தார்கள். சில வருஷத்தில் கடூகன் செத்தான். அவள் பயந்த நாள் வந்தது. மெய்லிர் பெரிய பங்குக்கு ஆள் திரட்டினான். கொரோன்வியும் திரட்டப் பார்த்தான். யாரும் வரவில்லை. சட்டத்தில் செல்லாத சத்தியம் ஜனங்களின் மனசில் வேர் விட்டிருந்தது. எவனுக்கோ பிறந்தவனுக்காக நம் பிள்ளைகள் ஏன் சாகவேண்டும் என்றார்கள். அவனை வளர்த்த அப்பனே குதிரை கொடுக்க மறுத்துவிட்டார். மெய்லிருக்குக் கம்பியைக் காய்ச்ச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கூடத்தில் எல்லோர் முன்னாலும் தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான், அவ்வளவுதான். கொரோன்வி வாசல் வழியாக நடந்து வெளியே போனான்.

இப்போது அவன் பக்கத்து நாட்டுத் தலைவரிடம் குதிரைக்காரனாக இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை, அந்தப் பேரோடு யார் பெண் கொடுப்பார்கள்? உண்மையைப் போய் அவனிடம் கத்திவிடலாம் என்று நான் எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். கெனெரிஸ் என் காலைப் பிடித்துக்கொள்வாள். அவனுக்குத் தெரிந்தால் பங்கு கேட்பான். பங்கு கேட்டால் அண்ணன் உயிரோடு இருக்கிறான், கம்பியும் இருக்கிறது. ஆகவே நான் வாயை மூடிக்கொண்டு ஆற்றங்கரைச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட ஒரு தண்டனை எனக்கு யாராலும் கொடுக்க முடியாது.

சந்தைக்குக் குதிரைகளை ஓட்டிப் போகும்போது எங்கள் குடிசை வழியாகத்தான் அவன் போயாக வேண்டும். அவள் விடியலிலிருந்தே கல்வேலிக்கு அருகில் போய் நின்றுவிடுவாள். இந்த வருஷமும் நின்றாள், மழை பெய்துகொண்டிருந்தது. அவன் வந்தான். மலையைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், எனக்குத் தலையைக்கூட ஆட்டினான். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. தாண்டிப் போய்விட்டான். எனக்குக் கல்லை எடுத்து அவன் முதுகில் எறியலாமா என்று வந்தது.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியா பெர்விர்? அவ்ளோ தூரத்துல, இந்த மழையில, பாதையில இருந்த பள்ளத்தைப் பாத்துக் குதிரைய ஒதுக்கினான். என்னா கண்ணுடி அவனுக்கு!"